நாக்கு நுனி உப்பு

நோன்புக் கஞ்சிக்கு உப்புப் பார்ப்பதில் ஜவாஹிறாவை மிஞ்ச அந்த முற்றத்தில் ஆளில்லை. அகப்பையிலிருந்து ஒரு துளியைப் புறங்கையில் விடுவாள். நாக்கு நுனியால் தொடுவாள். தொட்ட கையோடு குசினி வாசலுக்கு வெளியே துப்புவாள். பிறகு முந்தானையால் நாக்கை ஒரு துடை துடைப்பாள். நோன்போடு சமைக்கிறவள் நாக்கு நுனியில் வைத்துத் துப்புவதற்கு மார்க்கத்தில் இடமுண்டு. தொண்டைக்குள் இறங்கினால்தான் வில்லங்கம். இத்தனை வருஷத்தில் அவளுக்கு அந்த வில்லங்கம் வந்ததில்லை. வந்திருக்குமோ என்று அவள் நினைத்ததும் இல்லை.

அன்றைக்கும் அப்படித் துப்பிவிட்டு நிமிர்ந்தபோது வாசலில் மர்லியா நின்றாள்.

கொட்டாஞ்சேனையில் அந்த ஒரு முற்றத்தைச் சுற்றி ஐந்தாறு வீடுகள். நடுவில் ஒரு தண்ணீர்க் குழாய். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். மர்லியா அடுத்த வீட்டுக்காரி. அவள் புருஷன் மாட்டுவண்டி வைத்துத் துறைமுகப் பக்கம் சாமான் ஏற்றுகிறவன்.

"ராத்தா, ஒரு கதெ கேட்டன். கேட்ட நேரத்துல இருந்து வயித்தக் கலக்குது."

"நோம்பு தொறந்தாப் பொறகு இஞ்சி அவிச்சுக் குடி."

"நீங்க கோவிக்கக் கூடா."

"கோவம் வார கதெயெண்டா சொல்லாத."

"சொல்லாட்டி அதுவும் குத்தம்." மர்லியா நிலைப்படியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தால் கதை நீளும் என்று அர்த்தம். "எங்கட ஊட்டுக்காரர் நேத்து வண்டியில வைக்கோல் ஏத்திட்டுக் கொச்சிக்கடைக்குப் போனார். ஒங்கட அவர் வேல செய்ற சாமான் கிட்டங்கிக்குத்தான். நடுப்பகல். உள்ளுக்கு எட்டிப் பாத்தா, ஒங்கட அவர் சாக்குல குந்திட்டு ஈக்கிறார். வாயில சுங்கான், தொரமார் புகையில போட்டு இழுக்குற அந்தக் குழாய்."

ஜவாஹிறா அகப்பையைச் சட்டியின் விளிம்பில் தட்டினாள். "சுங்கான் அடுக்குற கிட்டங்கியில சுங்கான் ஈக்காம சுளகா ஈக்கும்?"

"கையில ஈந்தா நான் ஏன் கதெக்கிறன்? வாயில, ராத்தா. பக்கத்துல அந்த வின்சன்ற் எண்ட வேதக்கார ஆள். ரெண்டு பேரும் சிரிச்சிட்டு."

"ஒங்கட ஊட்டுக்காரருக்குக் கண் செரியாத் தெரியாதே. போன மாசம் வண்டியத் தண்ணி ஓடுற கானுக்குள்ள உட்டவர்தானே?"

"கான் வேற, சுங்கான் வேற," என்று மர்லியா எழுந்தாள். "எனக்கென்ன. லுத்பியாட கலியாணம் கிட்ட வருகுதே எண்டுதான் சொன்னன்."

அவள் போன பிறகு ஜவாஹிறா நெருப்பைக் குறைத்தாள். மர்லியாவை அவளுக்குத் தெரியும். வெள்ளவத்தையில் புடைவைக் கடை வைத்திருக்கும் பதியுதீன் ஹாஜியாரின் மகன் மஷூரை முதலில் மர்லியாவின் தங்கை மகளுக்குத்தான் பேசினார்கள். அது சரிவரவில்லை. பிறகு ஜவாஹிறாவின் மகள் லுத்பியாவுக்குப் பேசி முடித்து, பெருநாள் கழிந்ததும் கல்யாணம் என்றாகிவிட்டது. ஹாஜியார் சுருட்டுப் பிடிக்கிறவனைக் கடையில் கணக்கப்பிள்ளையாகக்கூட வைக்காத மனிதர். அப்படிப்பட்டவர் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் மர்லியா வாயைத் திறந்திருக்கிறாள். பொறாமைக்காரி. பொய்.

பொய்தானா?

அந்தக் கேள்வி கஞ்சியில் விழுந்த ஈயைப் போல மிதந்துகொண்டே இருந்தது.

மாலையில் அவள் புருஷன் ஷரீப் வந்தார். கச்சான் காற்று ஓய்ந்து புழுங்கிக்கிடந்த நாள். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அதைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு முகம் கழுவினார். ஜவாஹிறா பார்த்துக்கொண்டே இருந்தாள். உதடு வெள்ளை பூத்திருந்தது. கண் சிவந்திருந்தது. பசித்தவன் கண்ணா, புகைபட்ட கண்ணா?

பள்ளியில் பாங்கு சொன்னதும் லுத்பியா பேரீச்சம்பழத் தட்டை நீட்டினாள். யுத்தக் காலம், பழம் கிடைப்பதே அருமை. ஆளுக்குப் பாதியாகக் கீறி வைத்திருந்தாள். மற்ற வருஷங்களில் ஷரீபின் கை முதலில் அதற்குத்தான் போகும். அன்றைக்கு அவர் தண்ணீரை எடுத்தார். ஒரு மிடறு குடித்தார். அடுத்த மிடறை வாயில் வைத்து நெடுநேரம் அலசி, முற்றத்துக்குப் போய்த் துப்பினார். திரும்பி வந்து கஞ்சிக் கோப்பையை வாயில் வைத்தவர் முகத்தைச் சுளித்தார்.

"உப்புக் கூடிப் போச்சு."

ஜவாஹிறாவின் கஞ்சிக்கு உப்புக் கூடியதாக அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. "லுத்பியா, நீ சொல்லு."

"செரியாத்தானே ஈக்கிது உம்மா. கொஞ்சம் கொறவு எண்டும் சொல்லலாம்."

"எனக்குக் கூட," என்று ஷரீப் கோப்பையைத் தள்ளிவைத்தார். மறுபடி தண்ணீர். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டார்.

நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவன் கஞ்சியைத் தள்ளுவானா? இடையில் எங்கேயோ வயிறு நிறைந்தவன்தான் தள்ளுவான். கொச்சிக்கடையில் நோன்புக்கும் திறந்திருக்கும் தேத்தண்ணிக் கடைகள் எத்தனை! முன்னால் சாக்கைத் தொங்கவிட்டிருப்பார்கள். சாக்குக்குக் கீழே கால்கள் மட்டும் தெரியும்.

சட்டையைத் துவைக்க எடுக்கிற சாக்கில் அவள் அதை மோந்து பார்த்தாள். புகையிலை. சந்தேகமே இல்லை, புகையிலை நாற்றம். பையில் விரலைவிட்டாள். வெள்ளையாய், விரல் நீளத்தில், உடைந்த களிமண் சுங்கானின் குழாய்த் துண்டு ஒன்று. வாயில் வைக்கிற பக்கம்.

அதை வெந்தய டின்னுக்குள் புதைத்து மூடினாள்.

அடுத்த நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு பதியுதீன் ஹாஜியார் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஷரீப் அப்போதுதான் வேலையால் வந்திருந்தார். ஹாஜியார் செருப்பைக் கழற்றும் விதத்திலேயே விஷயம் தெரிந்தது. மற்ற நாளில் வாசலில் நின்று "சம்மந்தி!" என்று தெருவுக்கே கேட்கக் கூப்பிடுவார். இன்று குடையை மூலையில் சாத்திவிட்டு, "ஷரீப், கொஞ்சம் குந்துங்க," என்றார்.

ஜவாஹிறா திரைக்குப் பின்னால் நின்றாள். அவளுக்குப் பின்னால் லுத்பியா. சுவருக்கு அந்தப் பக்கத்தில் மர்லியா வீட்டு உரல் இடிக்கிற சத்தம் சட்டென்று நின்றது.

"ஒல வாய மூடலாம், ஊர் வாய மூடேலா," என்று ஹாஜியார் தொடங்கினார். "கொச்சிக்கடையில நடந்த கதெ வெள்ளவத்தைக்கி வந்துட்டுது. என்ட கடையில புடவ எடுக்க வந்த பொம்பளயொண்டு எனக்கிட்டயே சொல்லுது, ஒங்கட சம்மந்தி நோம்புல சுங்கான் இழுக்கிறாராமே எண்டு. நான் எங்க முகத்த வைக்க?"

"நான் இழுக்கல்ல, ஹாஜியார்."

"அல்ஹம்துலில்லாஹ்! நானும் அதத்தான் சொன்னன். அப்ப வேல லேசு. வார வெள்ளிக்கெழம ஜும்ஆவுக்குப் பொறகு பள்ளியில நாலு பேருக்கு முன்னால ஒரு சத்தியம். இந்த மாசம் என்ட நோம்பு ஒண்டும் முறியல்ல எண்டு. அவ்வளவுதான். எல்லார்ட வாயும் மூடிரும். பெருநாள் முடிஞ்ச கையோட கலியாணம்."

ஷரீப் பாயின் ஓரத்துக் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன யோசின?"

"அந்தச் சத்தியம் பண்ண ஏலா, ஹாஜியார்."

"என்ன சொன்னீங்க?"

"இழுக்கல்ல எண்டு சொல்லுவன். நோம்பு முறியல்ல எண்டு சத்தியம் பண்ண ஏலா."

ஹாஜியார் எழுந்து குடையை எடுத்தார். "வெள்ளிக்கெழம மட்டும் பாப்பன். அதுக்குப் பொறகு என்ட மகனுக்கு வேற எடம் பாப்பன்."

அவர் முற்றத்தைக் கடந்த பிறகும் உரல் சத்தம் கேட்கவில்லை. ஜவாஹிறா திரையை விலக்கினாள்.

"சுங்கான் இழுத்தீங்களா?"

"இல்ல."

"தேத்தண்ணி குடிச்சீங்களா?"

"இல்லெண்டன்."

"அப்ப சத்தியம் பண்ணுங்க."

"ஏலா."

"குடிக்கவும் இல்ல, இழுக்கவும் இல்ல, சத்தியமும் ஏலா. இதென்ன கணக்கு? பெத்த புள்ள திரைக்குப் பின்னால நிண்டு அழுவுது, கேக்குதா?"

"கேக்குது," என்றார் ஷரீப். "இதுக்குள்ள வேறொராள்ட சோறு ஈக்கிது, ஜவாஹிறா. என்னக் கேக்காத." சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

வேறொராளா? அது யாருடைய சோறு? இப்போது சந்தேகத்துக்கு இன்னொரு கிளை முளைத்தது.

மறுநாள் காலை நேரம் போனதும் ஜவாஹிறா திரைபோட்ட ரிக்ஷோ ஒன்றைக் கூப்பிட்டாள். மர்லியா குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, "எங்க ராத்தா, இந்த நேரத்துல?" என்றாள்.

"கண் டாக்டரப் பாக்க," என்றாள் ஜவாஹிறா. "ஒங்கட ஊட்டுக்காரருக்கும் நம்பர் எடுக்கட்டா?"

செவ்வாய்க்கிழமை. அந்தோனியார் கோயில் முன்னால் எல்லாச் சாதி சனமும் மெழுகுதிரியோடு நின்றது. ரிக்ஷோக்காரன் மணியை அடித்து அடித்து அந்தக் கூட்டத்துக்குள்ளால் இழுத்து, துறைமுகப் பக்கத்து ஒழுங்கையில் திரும்பினான். தார், கருவாடு, நனைந்த சாக்கு எல்லாம் சேர்ந்த மணம். கிட்டங்கியின் பக்கக் கதவு காற்றுக்காகத் திறந்து கிடந்தது. ஜவாஹிறா திரையில் ஒரு கண் அளவுக்கு விலக்கினாள்.

உள்ளே நீளமான கூடம். ஒரு பக்கம் பலகை பெயர்த்த பெட்டிகள். ஆட்கள் சாக்கு விரித்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முதலாவது ஆள் பெட்டியிலிருந்து சுங்கான்களை அள்ளி, களிமண்ணை ஒரு புறமும் மரத்தை ஒரு புறமுமாகப் பிரித்தான். அடுத்தவன் களிமண் சுங்கானைக் காதருகே பிடித்து நகத்தால் சுண்டினான். 'டிண்' என்றால் ஒரு கூடை. 'டக்' என்றால் கீறல் விழுந்தது. அது வேறு கூடை. கடைசியில் இருந்தவர்கள் களிமண்ணை வைக்கோலில் சுற்றித் தலைமாற்றித் தலைமாற்றிப் பீப்பாயில் அடுக்கினார்கள். வேர்க்கட்டையில் கடைந்த சுங்கான்கள் மெல்லிய கடதாசியில் சுற்றிப் பெட்டிக்குள் போயின. ஒருவன் தகர அச்சை வைத்துப் பெட்டி மேல் கறுப்பு மை பூசிக்கொண்டிருந்தான்.

நடுவில் ஷரீப்.

கையில் மரச் சுங்கான். அதை வாயில் வைத்தார். பட்டப்பகல். நோன்பு. வாயில் சுங்கான்.

ஜவாஹிறா திரையை விட்டாள். இதற்கு மேல் என்ன பார்க்க? "திருப்புப்பா," என்றாள்.

"நில்லுங்கோ, நில்லுங்கோ!" வைக்கோல் ஒட்டிய கையோடு ஒரு மனிதன் ஓடிவந்தான். நெஞ்சில் அந்தோனியார் பதக்கம். வாயைச் சுற்றி ஊதா நிற மருந்து. "ஷரீப்பின்ர வீட்டு ஆளெல்லோ? வழி கேக்கேக்க ரிக்ஷோக்காரன் சொன்னான். நான் வின்சன்ற். வீட்டில யாருக்கும் சுகமில்லையோ, தங்கச்சி?"

"சுகமில்லாதது எங்கட மானத்துக்குத்தான்," என்றது திரை. "நோம்புல சுங்கான் இழுக்கிற மனிசன்ட பொண்டாட்டி நான். நல்லாப் பாத்துட்டன். நீங்க போய் அவரோட சேந்து சிரிங்க."

"இழுக்கிறதோ?" வின்சன்ற் சிரிக்கப் பார்த்து, வலியில் வாயைப் பொத்தினான். "ஐயோ தங்கச்சி, அதுக்குள்ள புகையிலை எங்க கிடக்கு? உப்பெல்லோ கிடக்கு!"

"என்ன உப்பு?"

"கடல் உப்பு. இது லண்டனில இருந்து சிட்னிக்குப் போன சாமான். கப்பல் அடிபட்டுச் சரிஞ்சு வந்ததைக் கேள்விப்பட்டிருப்பீங்கள். கொஞ்சம் கப்பலுக்குள்ளேயே கடல் தண்ணியில ஊறினது. கொஞ்சம் இறக்கி வச்ச இடத்தில மழையில நனைஞ்சது. கடல் பட்டதுக்கு இன்ஷூரன்ஸ்காரன் பொறுப்பு. மழை பட்டதுக்கு எங்கட கொம்பனி பொறுப்பு. காய்ஞ்ச பிறகு ரெண்டும் ஒரே வெள்ளைக் கறைதான், கண்ணால பிரிக்கேலாது."

"அதுக்கு?"

"நாக்கால பிரிக்கிறது. முதல்ல ஊதிக் குப்பையை எடுக்கிறது, பிறகு விளிம்பில நாக்கு நுனியை வைக்கிறது. உப்புக் கரிச்சா கடல். கரிக்காட்டி மழை. துறைமுகத்தில இது பழைய வழக்கம், துணிப் பொதிக்கும் இப்படித்தான். மருந்து ஊத்திப் பாக்கிற போத்தல் ஒண்டு இருந்தது, முடிஞ்சுபோச்சு. யுத்தத்தில வேற வருமோ? எங்கட பெரியவர் ஹெக்டர் துரை சொல்றார், போத்தல் என்னத்துக்கு, பழைய நாக்குகள் இருக்குத்தானே எண்டு."

"சட்டையில புகையிலை நாத்தம்?"

"பக்கத்துப் பெட்டியெல்லாம் புகையிலையாம். கப்பலுக்குள்ள ஒண்டாக் கிடந்து ஊறினது. என்ர மனிசியும் இப்ப என்னைக் கட்டிலுக்குக் கிட்ட எடுக்கிறாளில்லை."

ரிக்ஷோக்காரன் சிரித்தான். திரை சிரிக்கவில்லை. "நோம்பு பிடிச்ச மனிசனுக்கா அந்த வேல? வேற நாக்குக் கெடைக்கல்லெயா?"

வின்சன்ற் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினான். "நான்தான் அவன்ர பங்கையும் பாத்தனான். பிறை கண்ட நாளே சொல்லிப்போட்டன், ஷரீப், நீ வாயைத் திறக்காதே, உன்ர சுங்கானையும் நான் நக்கிறன், நீ என்ர பெட்டியைக் கட்டு எண்டு. கொஞ்ச நாள் அப்படித்தான் போச்சு. பிறகு பாருங்கோ." திரை விலகியிருந்த இடைவெளிக்கு நேரே வாயைத் திறந்தான். உள்ளே நாக்கும் கன்னமும் வெந்து கிடந்தன. "உப்பு தின்னுட்டுது. துரைக்குத் தெரிஞ்சா நாளைக்கே வேற ஆளைப் போடுவார். எனக்கு நாட்கூலி. அதுதான் இப்ப அவன் ரெண்டு பேரின்ர பங்கையும் பாக்கிறான், நான் வைக்கோல் சுத்திறன். ஒருத்தருக்கும் சொல்லாதே எண்டு நான்தான் கெஞ்சினனான். வீட்டிலயுமோ சொல்லேல்லை?"

ஜவாஹிறா மறுபடி கதவுக்குள் பார்த்தாள். ஷரீப் அடுத்த சுங்கானை எடுத்தார். ஊதினார். விளிம்பை நாக்கு நுனியால் தொட்டார். தொட்ட கையோடு முகத்தைத் திருப்பிச் சிரட்டைக்குள் துப்பினார். தோளில் கிடந்த துண்டால் நாக்கைத் துடைத்தார்.

அது அவளுடைய அசைவு. அத்தனை வருஷமாகக் குசினி வாசலில் அவள் செய்தது.

"அப்ப சத்தியம் பண்ண ஏன் ஏலா?" என்று கேட்டாள், பாதி தனக்குள்.

"அது எனக்குத் தெரியாது, தங்கச்சி. அதை உங்கட ஆளைத்தான் கேக்கவேணும்."

அன்று மாலை ஷரீப் முகம் கழுவி வந்தபோது, பாயின் நடுவில் களிமண் துண்டு இருந்தது. வெந்தயம் இரண்டு அதில் ஒட்டியிருந்தது.

"வின்சன்றுட வாயப் பாத்தன்," என்றாள் ஜவாஹிறா. "இப்ப சொல்லுங்க. துப்பினா நோம்பு முறியுமா? நான் கஞ்சிக்குப் பாக்கல்லெயா?"

ஷரீப் உட்கார்ந்தார். மூச்சை விட்டார். பாரம் இறக்கின மாடு விடுகிற மூச்சு.

"நீ ஒரு துளி பாப்பாய். நான் காலையில இருந்து பொழுதுபட மட்டும் பாக்கிறன். மொத நாள் ஒண்டும் இல்ல. ரெண்டாம் நாள் நல்ல வெயில். வாய் காஞ்சு போய் எச்சி கட்டியா ஊறிச்சு. நாக்குல சுங்கான் ஈக்கக்குள்ள தொர கூப்பிட்டார். யெஸ் சேர் எண்டன். சொல்லக்குள்ள தொண்டையில ஏதோ எறங்கின மாதிரி."

"எறங்கிச்சா?"

"தெரியா."

"எறங்கல்லெயா?"

"அதுவும் தெரியா. ஒடஞ்ச இந்தத் துண்டக் கொண்டுபோய்ப் பள்ளி லெப்பைக்கிட்ட காட்டிக் கேட்டன். முழுங்கல்லெண்டா முறியா, தெரிஞ்சு முழுங்கினா முறியும் எண்டார். தெரியாட்டி? ஒங்கட நெஞ்சக் கேளுங்க எண்டார். நெஞ்சக் கேட்டா அதுவும் உப்பாத்தான் ஈக்கிது." அவர் துண்டை எடுத்து உருட்டினார். "அண்டையில இருந்து பிடிச்ச நோம்பு ஒண்டையும் நான் கணக்குல சேக்கல்ல. பட்டினிதான் ஈக்கிறன். ஆனா பெருநாளுக்குப் பொறகு எல்லாத்தயும் திருப்பிப் பிடிப்பன். பொறகு எப்பிடிப் பள்ளியில நிண்டு ஒண்டும் முறியல்ல எண்டு சத்தியம் பண்ண?"

"இத ஹாஜியார்ட்ட சொன்னா என்ன?"

"சொன்னா வின்சன்றுட கதெயும் வெளிய வரும். அதோட, மாட்டுப்பட்ட கள்ளனுக்கு எப்பவும் ஒரு கதெ ஈக்கும்."

"கள்ளன் எண்டா சத்தியம் பண்ணிட்டுப் போயிருப்பான்," என்றாள் ஜவாஹிறா. அதைச் சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் அவளுக்கே உறைத்தது. களிமண் துண்டை அவர் கையிலிருந்து வாங்கி, மறுபடி டின்னில் போட்டாள்.

பிறகு முற்றத்துக்குப் போய் மர்லியாவைக் கூப்பிட்டாள். "வெள்ளிக்கெழம ஹாஜியார நோம்பு தொறக்கக் கூப்பிடுறம். பள்ளியில வாணாம், ஊட்டுலயே அவர் கேட்டதுக்குப் பதில் ஈக்கிது. ஒருத்தருக்கும் சொல்லிராத."

வெள்ளவத்தைக்கு முறைப்படி ஆள் போய்ச் சேருமுன் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை ஜவாஹிறா கூப்பன் அரிசியில் இருந்த நல்லதையெல்லாம் பொறுக்கி எடுத்தாள். தேங்காய்ப்பால், ரம்பை, உள்ளி, இஞ்சி, கொஞ்சம் இறைச்சி. கஞ்சி திரண்டு வந்தது. வழக்கம்போல் அகப்பையைத் தூக்கி ஒரு துளியைப் புறங்கையில் விட்டாள். நாக்கு வெளியே வரவில்லை. கடந்த வருஷம் உப்புப் பார்த்தபோது லுத்பியா கூப்பிட, "என்னடி?" என்று கேட்டாளே, துப்பிவிட்டுக் கேட்டாளா, கேட்டுவிட்டுத் துப்பினாளா? அதற்கு முந்தின வருஷம்?

புறங்கையை முந்தானையில் துடைத்தாள். உப்புச் சிரட்டையைத் தொடாமலே கஞ்சியை இறக்கினாள்.

ஹாஜியார் மகனைக் கூட்டிவரவில்லை. முகத்தைப் பார்த்தால் கடை மூடுகிற நேரத்தில் கடன் கேட்டு வந்தவனைப் பார்க்கிற முகம். பாங்கு சொன்னது. பேரீச்சம்பழத்தைச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, துஆ ஓதிவிட்டுக் கஞ்சியை வாயில் வைத்தார். கோப்பையைக் கீழே வைத்தார்.

"என்ன இது, கஞ்சிக்கு உப்பே போடல்லெயா?"

ஷரீப் திடுக்கிட்டுத் திரையைப் பார்த்தார். திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"உப்புப் பாக்கப் பயம், ஹாஜியார். இப்ப நோம்பு தொறந்தாச்சுதானே. இந்தாங்க உப்பு."

திரைக்கு அடியில் ஒரு பீங்கான் தட்டு நகர்ந்து வந்தது. அதில் உடைந்த களிமண் குழாய்.

"என்ன வெளையாட்டு?"

"ஒங்கட சம்மந்தி பகல் முழுக்க வாயில வெச்சிட்டு ஈந்தது இதத்தான். நாக்கு நுனியில வெச்சுப் பாருங்க. புகையெண்டா புகையெண்டு சொல்லுங்க."

ஹாஜியார் சந்தேகத்தோடு அதை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார். மோந்தார். புருவம் ஏறியது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு நாக்கில் வைத்தார். வைத்த வேகத்தில் முகம் கோணியது.

"யா அல்லாஹ்! உப்பு!"

"படிக்கத்துல துப்புங்க."

துப்பினார். ஜவாஹிறா கப்பலையும் கடலையும் மழையையும் சொன்னாள். நாக்கால் பிரிக்கிற வேலையைச் சொன்னாள். வின்சன்றின் பெயரை மட்டும் தனக்குள் வைத்துக்கொண்டாள். ஹாஜியார் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும் முகம் தெளிந்தது.

"இதத்தானா இவ்வளவு நாளும் மறைச்சீங்க? துப்பினா முறியாதே! சத்தியத்தப் பண்ணிட்டுப் போறதுக்கு என்ன?"

"ஹாஜியார்," என்றது திரை, "நீங்க இப்பத் துப்பினீங்கதானே?"

"ஓம், துப்பினன். நீங்களும் பாத்தீங்க."

"எல்லாத்தயுமா?"

"எல்லாத்தயும்தான்."

"தொண்டைக்குள்ள ஒரு சொட்டும் எறங்கல்ல?"

"எறங்கல்ல."

"குர்ஆன எடுத்துட்டு வரச் சொல்லட்டா?"

ஹாஜியாருடைய கை மெதுவாக உயர்ந்து தொண்டையைத் தடவிற்று. தடவின இடத்தில் குரல்வளை ஒருமுறை ஏறி இறங்கிற்று. சுவருக்கு அப்பால் மர்லியா வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. ஷரீப் பாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாணாம்," என்றார் ஹாஜியார்.

பிறகு கஞ்சிக் கோப்பையை எடுத்து, உப்பில்லாமலே கடைசி வரைக்கும் குடித்தார். வாயைத் துடைத்தார். பெருநாள் கழிந்து எத்தனை நோன்பு திருப்பிப் பிடிக்க இருக்கிறது என்று ஷரீபிடம் கேட்டார். ஷரீப் சொன்னார். இன்னும் அந்தச் சுங்கான் முடியவில்லை, அதை ஏற்றிப்போகக் கப்பல் வரும்வரை அந்தக் கணக்குக் கூடும் என்றும் சொன்னார்.

ஹாஜியார் குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். செருப்பில் காலை நுழைத்தார். திரும்பி, மர்லியா வீட்டுச் சுவருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

"அப்ப கலியாணத்த அதுக்குப் பொறகு வெப்பம், சம்மந்தி. மகள்ட விருந்துல வாப்பா நோம்போட குந்திட்டு ஈக்கக் கூடா."